திண்டிவனத்து இரவும் மருத்துவ அறநெறியும்

நமது திருச்சபைகளில் சுகமளிக்கும் ஊழிய ஞாயிறு வரும்போதெல்லாம் மறவாமல் எடுத்துரைக்கப்படும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. திண்டிவனத்து மிஷன் பங்களாவில் ஓர் இரவு மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டியதும், விடியுமுன் மூன்று பெண்கள் மாண்டதும், அதனால் ஓர் இளம்பெண் மருத்துவப் பணிக்குத் தன்னை ஒப்புவித்ததுமே அந்நிகழ்ச்சி. இதை நாம் ஓர் அழைப்பின் வரலாறாகவே படித்தும் பிரசங்கித்தும் வந்திருக்கிறோம். அவ்வாறு படிப்பது பிழையன்று. ஆயினும், நோயாளியின் ஒப்புதல், மருத்துவ வசதியின் நேர்மையான பங்கீடு, அரசின் பொறுப்பு என்று இன்று மருத்துவ அறநெறியில் பேசப்படும் கேள்விகள் யாவும் அந்த ஓர் இரவிற்குள் அடங்கியிருக்கின்றன. அவற்றை வரலாற்றின் வழியே எடுத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நிகழ்ச்சி

ஐடா சோபியா ஸ்கட்டர் 1870ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கட்டர் 1819இல் இலங்கைக்கு வந்து, பின்னர் சென்னைக்குப் பெயர்ந்த அமெரிக்க மருத்துவ அருட்பணியாளர். தந்தையாரும் மருத்துவரே. அமெரிக்காவில் கல்வி பயின்றுகொண்டிருந்த ஐடா, தாயார் நோயுற்றிருந்தமையால் 1890இல் திண்டிவனத்திற்குத் திரும்பினார். இந்நாட்டிலேயே தங்கிப் பணியாற்றும் எண்ணம் அவருக்கு அப்போது சிறிதும் இருக்கவில்லை.

1890களின் தொடக்கத்தில் ஓர் இரவு ஒரு பிராமண இளைஞர் வந்தார். தம் மனைவி பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடுவதாகவும், ஐடா வந்து உதவவேண்டும் என்றும் வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாது, தந்தையார் வருவார் என்று ஐடா கூறினார். அந்நிய ஆடவர் ஒருவர் தம் மனைவியைப் பார்ப்பது தம் குல வழக்கத்திற்கு ஒவ்வாதென்று அவர் திரும்பிச் சென்றார். அடுத்து வந்தவர் ஓர் இசுலாமியர். மூன்றாமவர் மற்றோர் இந்து. வேண்டுகோளும் ஒன்றே, மறுப்பும் ஒன்றே. காலையில் சாவுப் பறை கேட்டது. ஐடா ஆளனுப்பி விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி வந்தது. அவர் 1895இல் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூருக்கு வந்து சேர்ந்தார்.

இவ்வரலாறு நமக்கு ஐடாவின் வாய்மொழி வழியாகவே கிடைத்துள்ளது. அதில் ஐடா பேசுகிறார். அவருடைய தந்தையாரைப்பற்றி அறிகிறோம். கணவன்மார் மூவரும் பேசுகின்றனர். மாண்ட பெண்கள் மூவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. அவர்களுடைய பெயர்களும் எங்கும் குறிக்கப்படவில்லை. இதை நாம் மனத்திற்கொண்டே மேற்செல்லவேண்டும்.

2. அறிவு இருந்தது, வழி இல்லை

அப்பெண்கள் மருத்துவ அறிவு வளராத காலத்தில் வாழ்ந்தமையால் மாண்டனர் என்று நாம் எளிதாகக் கருதிவிடுகிறோம். வரலாறு அவ்வாறு கூறவில்லை. கைகளைக் கழுவுவதால் பிரசவக் காய்ச்சலைத் தடுக்கலாம் என்பதைச் செம்மல்வைஸ் 1847இலேயே வியன்னாவில் காட்டியிருந்தார். அதே ஆண்டில் எடின்பரோவில் சிம்சன் குளோரோபாரத்தைப் பயன்படுத்தினார். கருப்பையைத் தையலிட்டு மூடும் முறையை ஜெர்மனியில் சாங்கர் 1882இல் வெளியிட்டபின், வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கும் சிகிச்சையில் தாய் பிழைக்கும் வாய்ப்பு வெகுவாக உயர்ந்தது.

இவ்வறிவு தமிழ்நாட்டிற்கு வராமலும் இல்லை. சென்னை எழும்பூரில் அரசினர் மகப்பேற்று மருத்துவமனை 1844 முதல் இயங்கிவந்தது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875இலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவ்வாறு சேர்ந்த நால்வருள் ஒருவரான மேரி ஷார்லிப் ஒரு வழக்கறிஞரின் மனைவி. ஆண் மருத்துவரை ஏற்காமல் பிரசவத்தில் மாளும் பெண்களைப்பற்றிக் கேள்வியுற்றே அவரும் மருத்துவம் பயில முன்வந்தார். அவருடைய முயற்சியால் 1885இல் சென்னையில் சாதி, கோஷாப் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை தொடங்கப்பெற்றது. மக்கள் அதைக் கோஷா ஆஸ்பத்திரி என்றே வழங்கினர். பின்னர் அது திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று பெயர் பெற்றது. இந்தியப் பெண்களுக்குப் பெண் மருத்துவர்களை அளிப்பதற்கென டப்ரின் சீமாட்டியின் நிதியும் அதே 1885இல் நிறுவப்பட்டது.

ஆகவே திண்டிவனத்தில் மூவர் மாண்ட அந்த இரவில், ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னையில் பெண் மருத்துவரும் பெண்களுக்கான மருத்துவமனையும் இருந்தனர். அவர்கள் கேட்டது கிடைக்காத அதிசயமன்று. தலைநகரில் இருந்து தாலுகா ஊரில் இல்லாத ஒன்று. மருத்துவ அறநெறி என்றவுடன் நோயாளியின் படுக்கையருகே மருத்துவர் செய்யும் முடிவுகளையே நாம் நினைக்கிறோம். அப்படுக்கையருகே எந்த மருத்துவர் இருப்பார், யாரும் இருப்பாரா என்பது அதற்கு வெகு முன்னரே, நிதி ஒதுக்கீடு செய்யும் அலுவலகங்களில் முடிவாகிவிடுகிறது. இம்முடிவும் அறநெறிக்கு உட்பட்டதே. இதை முதற்பாடமாகக் கொள்ளலாம்.

3. கணவர்களின் மறுப்பு

நம் பிரசங்கங்களில் அக்கணவர்கள் மூவரும் அறியாமைக்கு எடுத்துக்காட்டாகவே நிறுத்தப்படுகின்றனர். இது முழு நேர்மையன்று. அவர்கள் மேனாட்டு மருத்துவத்தை வெறுத்தவர்கள் அல்லர். நள்ளிரவில் அதைத் தேடி வந்தவர்கள். அந்நிய மதத்தினரின் வாசலில் நின்று உதவி கேட்பதற்கும் அவர்கள் தயங்கவில்லை. அவர்கள் வேண்டியது, தங்கள் வீட்டுப் பெண்ணின் நாணத்திற்கு ஊறு செய்யாத மருத்துவம். பெண் நோயாளி பெண் மருத்துவரை விரும்புவதை இன்று எந்த மருத்துவமனையும் மூடநம்பிக்கை என்று தள்ளுவதில்லை. ஐடாவும் அவ்வாறு தள்ளவில்லை. அவர்கள் ஏற்கக்கூடிய மருத்துவராகத் தாம் ஆவதென்று முடிவு செய்தார். நோயாளி மருத்துவத்திற்கேற்ப மாறும்வரை காத்திராமல், மருத்துவம் நோயாளியை நோக்கி ஓரடி எடுத்துவைத்தது. இது அவருடைய அழைப்பின் சிறப்பான கூறு எனலாம்.

ஆயினும் கணவர்களைப் புரிந்துகொள்வதோடு நாம் நின்றுவிட இயலாது. ஆடவர் ஒருவர் தன்னைத் தொட்டுச் சிகிச்சை செய்வதைவிடச் சாவதே மேல் என்று அப்பெண்கள் எண்ணினரா? எண்ணியிருக்கலாம். எப்படியேனும் பிழைக்கவேண்டும் என்று எண்ணினரா? அதுவும் இருக்கலாம். அவர்களைக் கேட்டவர் யாரும் இருந்ததாக வரலாறு காட்டவில்லை. உயிர் அவர்களுடையது, முடிவு பிறருடையது.

இந்நிலை அந்த மூன்று வீடுகளுக்கு மட்டும் உரியதன்று. அதே ஆண்டுகளில், 1891இல், பெண்ணின் இசைவு வயதை 10இலிருந்து 12ஆக உயர்த்தும் சட்டம் இயற்றப்பட்டது. மதத்தில் அரசு தலையிடலாமா என்று நாடெங்கும் ஆண்கள் கூட்டம் கூட்டமாக வழக்காடினர். அவ்வழக்கு யாருடைய உடலைப்பற்றியதோ அச்சிறுமியரின் குரல் அதில் கேட்கப்பட்டது மிக அரிது.

வேதாகமத்திலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஆதியாகமம் 35ஆம் அதிகாரத்தில் ராகேல் எப்பிராத்தாவுக்குப் போகும் வழியில் பிரசவ வேதனையால் மாள்கிறாள். உடனிருந்து தேற்றுகிறவள் ஒரு மருத்துவச்சி. ஆத்துமா பிரியும் வேளையில் ராகேல் தன் மகனுக்குப் பெனொனி என்று பெயரிடுகிறாள்; அது துக்கத்தின் பெயர். தகப்பனோ அதை நீக்கிப் பென்யமீன் என்று பெயரிடுகிறான். யாக்கோபு அன்பில்லாத கணவன் அல்லன். அவளுக்காகப் பதினான்கு ஆண்டுகள் உழைத்தவன். அவள் கல்லறைமேல் தூண் நிறுத்தியவன். அப்படியிருந்தும் அவளுடைய கடைசிச் சொல் நிலைக்கவில்லை. ஆனால் வேதாகம ஆசிரியர் அச்சொல்லை அழித்துவிடாமல் நமக்காகப் பதிவுசெய்து வைத்திருப்பது கவனிக்கத்தக்கது. அன்புள்ள குடும்பத்திலும் ஒரு பெண்ணின் குரல் மறைந்துபோகக்கூடும் என்பதற்கு அப்பகுதி சான்றாக நிற்கிறது.

4. வேலூர் அளித்த விடை

ஐடா ஸ்கட்டர் 1902இல் வேலூரில் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையைத் திறந்தார். ஒரு பெண் மருத்துவர் வந்துவிட்டார். ஆனால் ஒருவர் போதுமா? திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீடுகளில் வேதனை இருந்தது. மூன்று இடங்களிலும் அவரே நின்றிருக்க முடியாது. இதை உணர்ந்த அவர் 1909இல் செவிலியர் பயிற்சியையும், 1918இல் பெண்களுக்கான மிஷன் மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். அப்பள்ளி அளித்தது பட்டமன்று, எல்.எம்.பி. எனப்பட்ட உரிமச் சான்றிதழே. 1922இல் முதற்குழுவாக 14 பெண்கள் பயிற்சி முடித்தனர். இந்நாட்டுப் பெண்களே இந்நாட்டுப் பெண்களின் மருத்துவராயினர்.

இங்கே இரண்டாவது அறநெறிச் சிக்கல் எழுந்தது. 1930களின் இறுதியில் சென்னை மாகாண அரசு எல்.எம்.பி. பயிற்சியை நிறுத்திப் பட்டப் படிப்பையே ஏற்பதென முடிவு செய்தது. ஏழைக்குத் தரம் குறைந்த மருத்துவர், செல்வருக்கு உயர்ந்த மருத்துவர் என்ற இருநிலை தகாது என்பது இதற்கு ஆதரவான வாதம். எளிதில் புறக்கணிக்கத்தக்கதன்று அது. 1946இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கையும் இதையே வற்புறுத்தியது. ஆனால் அக்காலத்தில் நாட்டிலிருந்த ஏறத்தாழ 47,500 மருத்துவர்களுள் ஏறத்தாழ 30,000 பேர் உரிமச் சான்றிதழ் பெற்றவர்களே. அவர்களை உருவாக்கும் பள்ளிகளை மூடினால் கிராமத்திற்கு யார் செல்வார் என்று அக்குழுவின் உறுப்பினர் சிலரே மாறுபட்டுக் குறிப்பெழுதினர்.

வேலூர் பள்ளி கல்லூரியாக உயர்ந்து 1942இல் பட்டப் படிப்பைத் தொடங்கியது. 1947இல் ஆண் மாணவரையும் சேர்த்துக்கொண்டது. பெண்களுக்கென்றே நிறுவப்பட்ட பள்ளி தன் தன்மையை இழப்பதாக ஆதரவாளர் சிலர் வருந்தி விலகினர். அம்முடிவினால் நாடு அடைந்த நன்மை பெரிது. எனினும் தரமா பரவலா என்ற கேள்வி அத்துடன் தீர்ந்துவிடவில்லை. கிராமப்புறங்களில் பணியாற்றும் அரசு மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் இடம் ஒதுக்கித் தமிழ்நாடு அரசு நெடுங்காலமாகக் கடைப்பிடித்த முறை, நாடு முழுமைக்குமான ஒரே தர விதிகளோடு மோதியது. அம்முறையை வகுக்க மாநிலத்திற்கு அதிகாரம் உண்டென்று உச்சநீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. பெயர்கள் மாறின, கேள்வி அதே கேள்விதான். மிகச் சிறந்த மருத்துவரை உருவாக்குவதும், இருக்கும் மருத்துவரை ஏழையின் வாசலுக்கு அனுப்புவதும் ஒரே செயலன்று. நீதியுள்ள கொள்கை இரண்டையும் ஒருங்கே நாடவேண்டும்.

இவ்வரலாற்றில் விடுபட்டுப்போன ஒருத்தியையும் குறிப்பிடவேண்டும். மருத்துவர்கள் வருவதற்கு முன்னும் வந்த பின்னும் நம் கிராமங்களில் பிரசவம் பார்த்தவள் மருத்துவச்சி. அவள் பெரும்பாலும் முடிதிருத்தும் குலத்தைச் சேர்ந்தவள். சமூகத்தில் தாழ்த்தி வைக்கப்பட்டவள். அவளுடைய கைமுறைகளில் தீங்கு விளைவித்தவை இருந்தன என்பது உண்மையே. ஆனால் அவளைப் பயிற்றுவித்து உயர்த்துவதைக் காட்டிலும் பழிப்பதிலேயே அரசும் மிஷன்களும் பல வேளைகளில் முனைந்தன. யாத்திராகமத்தின் முதல் அதிகாரம் பார்வோனின் பெயரைச் சொல்லாமல் விட்டு, சிப்பிராள், பூவாள் என்னும் இரு மருத்துவச்சிகளின் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறது. நம்முடைய மருத்துவப் பணி வரலாறுகள் அந்த முறையைப் பின்பற்றவில்லை. பிரசவம் பார்க்கும் பயிற்சியைத் தனித் தொழிலாகவே மீண்டும் வளர்க்கும் வழிகாட்டு நெறிகளை நடுவணரசு வெளியிட்டது 2018இல்தான்.

5. திருவாமாத்தூரிலிருந்து முண்டியம்பாக்கம் வரை

தேவாரம் பாடிய மூவராலும் பாடப்பெற்ற திருவாமாத்தூர் விழுப்புரத்தை அடுத்துள்ள சிற்றூர். 1890களில் அங்கே ஒரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலானால் திண்டிவனத்து நிலைதான் அவளுக்கும். இன்று அவ்வூர்ப் பெண் 108 என்ற எண்ணை அழைத்தால் ஊர்தி வருகிறது. அச்சேவை தமிழ்நாட்டில் 2008இல் தொடங்கியது. அருகிலுள்ள முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் 1987இல் ஏற்பட்ட மகப்பேறு நிதியுதவி படிப்படியாக உயர்ந்து 18,000 ரூபாயாயிற்று. ஆரம்பச் சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் செவிலியர் இருக்க வழி செய்யப்பட்டது. ஒவ்வொரு தாயின் மரணத்தையும் பதிவுசெய்து அதன் காரணத்தை ஆராயும் வழக்கம் 1990களிலேயே இம்மாநிலத்தில் தொடங்கியது.

இவற்றின் பயன் கண்கூடு. 2001–03இல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 134 தாய்மார் இறந்தனர். 2018–20இல் அவ்வெண் 54. இந்தியா முழுமைக்கும் அவ்வெண்கள் முறையே 301, 97. திண்டிவனத்து இரவில் இல்லாதிருந்த வழியை இறுதியில் அரசின் கொள்கை அமைத்துத் தந்தது. மிஷன் மருத்துவமனை முன்மாதிரியாக நின்றது. ஆனால் எல்லாப் பெண்களுக்கும் அதைச் சென்றடையச் செய்ய வரிப்பணமும் அரசாணையும் தேவைப்பட்டன. ஈகையால் தொடங்கியது உரிமையாக முதிர்ந்ததைக் கண்டு திருச்சபை பொறாமைகொள்ள வேண்டுவதில்லை, நன்றியோடு ஏற்கவேண்டும், அவ்வுரிமை குறையும்போது குரல்கொடுக்கவும் வேண்டும்.

6. இன்றும் கேட்கப்படாத குரல்

ஆனால் வழி திறந்தபின்னும் அந்த இரவின் மற்றொரு கேள்வி எஞ்சியிருக்கிறது. 2019–21இல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்ந்தன. அதே ஆய்வு மற்றொன்றையும் காட்டுகிறது: பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன் அறுவையினால் நிகழ்ந்தவை. இந்தியா முழுமைக்கும் இது 21.5 விழுக்காடு. மக்கள்தொகை அளவில் சிசேரியன் விகிதம் 10 விழுக்காட்டைக் கடந்து உயர்வதால் தாய்சேய் இறப்பு மேலும் குறைவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவித்தது. அன்று கத்தி கிடைக்காமல் பெண்கள் மாண்டனர். இன்று தேவையின்றியும் கத்தி வைக்கப்படுகிறதோ என்று ஐயுறவேண்டிய நிலை. எந்த ஒரு தாய்க்கும் அறுவை தேவையா என்பதை அவளைப் பார்க்கும் மருத்துவரே கூற இயலும். ஆனால் அம்முடிவின் காரணம் அவளுக்கு விளங்கும் மொழியில் சொல்லப்பட்டதா, அவள் இசைந்தாளா என்று கேட்க எவருக்கும் உரிமை உண்டு.

இவ்வகையில் உச்சநீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் அளித்த தீர்ப்பை இறையியல் மாணவர்கள் அறிந்திருப்பது நன்று. பரிசோதனைக்கென இசைவு தந்து மயக்கநிலையில் இருந்த ஒரு பெண்ணுக்கு, வெளியே காத்திருந்த தாயாரின் சம்மதத்தைப் பெற்றுக் கருப்பை நீக்கப்பட்டது. அறிவு முதிர்ந்த பெண் தானே முடிவெடுக்க இயலும்போது, உயிர்காக்கும் அவசரம் இல்லாத நிலையில், வேறொருவர் தந்த இசைவு செல்லாது என்று நீதிமன்றம் கூறியது. மருத்துவரின் எண்ணம் நல்லதாயிருப்பது மட்டும் போதாது. தாயின் அன்பும் போதாது.

குடும்பக் கட்டுப்பாட்டு வரலாறும் இதையே கற்பிக்கிறது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976–77ஆம் ஆண்டில் மட்டும், நாட்டில் 80 லட்சத்திற்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. பெரும்பாலும் ஆண்களே அப்போது வற்புறுத்தப்பட்டனர். அதனால் எழுந்த சினம் ஆட்சியையே மாற்றியது. அதன்பின் அச்சுமை பெண்கள்மேல் ஏற்றப்பட்டது. 2014இல் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூரில் ஒரு முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்யப்பட்டுப் பலர் மாண்டனர். 2016இல் உச்சநீதிமன்றம் அத்தகைய முகாம்களை முடிவுக்குக் கொண்டுவரப் பணித்தது. எண்ணிக்கை இலக்கு முன்னே வரும்போது ஆளின் குரல் பின்னே தள்ளப்படுகிறது என்பதற்கு இவை போதிய சான்றுகள்.

7. ஆயர்களுக்கு ஒரு சொல்

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் குடும்பத்தார் கூடி நின்று முடிவெடுக்கும் வேளையில் ஆயரும் அழைக்கப்படுவது நம்மிடையே வழக்கம். கணவர் கையெழுத்திடுகிறார், மாமனார் செலவைக் கணக்கிடுகிறார், தாயார் அழுகிறார், ஆயர் ஜெபிக்கிறார். உள்ளே படுத்திருப்பவளிடம் சென்று, அவளுக்குச் சொல்லப்பட்டது என்ன, அவள் விரும்புவது என்ன என்று கேட்பவர் அங்கு யார்? நாம் அறியாமலேயே திண்டிவனத்து வாசலில் வந்து நின்றவர்களில் ஒருவராக ஆகிவிடுகிறோம். ஆண்டவர் எரிகோவில் பார்வையற்ற பர்திமேயு எதிரில் நின்றபோது, அவன் தேவை எல்லாருக்கும் வெளிப்படையாயிருந்தும், அவன் வேண்டுவது என்னவென்று அவனையே கேட்டார். பெரும்பாடுள்ள பெண் குணமடைந்தபின்னும் அவளை மறைந்து செல்ல விடாமல், உண்மை முழுவதையும் அவள் வாயாலேயே சொல்லக் கேட்டார். குணமாக்குதலில் கேட்டலும் அடங்கியுள்ளது என்பது இதனால் புலனாகும்.

அடுத்த சுகமளிக்கும் ஊழிய ஞாயிறில் நாம் ஐடா ஸ்கட்டரை நன்றியோடு நினைவுகூருவோம். அவர் அந்த இரவின் ஒரு கேள்விக்குத் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாக அளித்து 1960இல் மறைந்தார். அவரோடுகூட, பெயர் அறியப்படாத அந்த மூன்று பெண்களையும் சபையார்முன் நினைவுகூருவது தகும். அவர்கள் ஓர் அழைப்பிற்குக் காரணமானவர்கள் மட்டும் அல்லர். வாழவேண்டிய மூன்று உயிர்கள். அவர்களைக் கேளாமல் விட்ட கேள்வியை, இன்று நம் சபைகளிலிருந்து மருத்துவமனை செல்லும் ஒவ்வொரு பெண்ணையும் கேட்பதும், அவள் சொல்லும் விடை மதிக்கப்படும்படி உடன்நிற்பதும் நம் கடமையாகும்.